புள்ளி வைத்த ரங்கநாதன்கள்

பாலக்கரை, திருச்சி
ஜூலை 6

அன்புள்ள இளவேனில் அக்காவுக்கு,

வணக்கம். என் பெயர் சம்ரீன், வயது இருபத்தொன்று. நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நானும் உங்களைப் பார்த்ததில்லை, ஏனென்றால் உங்கள் வீடியோவில் திரையும் மவுஸ் அம்பும் மட்டும்தான் தெரியும். ஆனால் உங்கள் குரல் எனக்கு அத்துப்படி. கூட்டத்தில் நீங்கள் பின்னால் நின்று தும்மினால்கூடக் கண்டுபிடித்துவிடுவேன்!

சேனலில் கமெண்ட்டை மூடி வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் அங்கே போட்டிருந்த இமெயிலுக்குக் கடிதமாகவே எழுதுகிறேன். ஸ்கூலில் சொல்லிக்கொடுத்த மாதிரி ஊர், தேதி எல்லாம் போட்டிருக்கிறேன், சிரிக்காதீர்கள். இதுவரை நான் யாருக்கும் கடிதம் எழுதியதே இல்லை. வாய்ஸ் நோட் தலைமுறை அக்கா நாங்கள்.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் முன் மேசையில் வேலை பார்க்கிறேன். ஓனர் பீமராவ் சார். அவரே டெக்னீஷியனும். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது தைரியராஜ் அண்ணன். நான் சேர்ந்தபோது எல்லாமே நீள நோட்டில்தான் இருந்தது. "போன சித்திரையில எடுத்தேனேம்மா, அந்த ரிப்போர்ட் குடு" என்று ஒருவர் வந்து நின்றால் அவ்வளவுதான், நான் நோட்டுக்குள் விழுந்து அரைமணி கழித்துத்தான் வெளியே வருவேன்.

லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஒருநாள் கூட்டமில்லாத நேரத்தில் அதில் ஒரு சிவப்பு ஐகானை அமுக்கிப் பார்த்தேன். ஆக்சஸ் என்று வந்தது. என்ன ஏது என்று தெரியாமல் போனில் தேடினேன். பெரிய பெரிய சேனல்கள் எல்லாம் வந்தன. எல்லோரும் கத்துகிறார்கள் அக்கா, பெல் பட்டனை அமுக்கு அமுக்கு என்று. கடைசியில் எங்கேயோ கீழே நீங்கள் இருந்தீர்கள். "டேட்டாபேஸ்னா பயப்படாதீங்க, இது ஒரு அலமாரி, அவ்வளவுதான்" என்று கிசுகிசுவென்று சொன்னீர்கள். ஏன் இப்படி ரகசியம் மாதிரிப் பேசுகிறார் என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வேறு யாராவது சத்தமாகச் சொல்லிக்கொடுத்தால் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது!

பஸ்ஸில்தான் பார்ப்பேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் காற்றுச் சத்தத்தில் உங்கள் குரல் கேட்காது. அதனால் பாலம் வந்தால் நிறுத்திவிடுவேன், மாம்பழச்சாலையில் மறுபடி போடுவேன். இப்படியே பதினான்கு பாடமும் முடித்தேன். டேபிள் போட்டேன், ஃபார்ம் போட்டேன், வேண்டியதைத் தேடி எடுக்கிற குவெரி போட்டேன். டியூப்பில் ஒட்டுகிற ஸ்டிக்கர்கூட இப்போது அதிலிருந்துதான் பிரிண்ட் ஆகிறது. போன மாதம் சாரிடம் சொல்லி நீள நோட்டையே நிறுத்திவிட்டேன்.

ஒரு விஷயம் சொன்னால் பெருமைப்படுவீர்கள். நாலாவது பாடத்தில் பிரைமரி கீ சொன்னீர்கள் இல்லையா, ஒருத்தருக்கு இருப்பது இன்னொருத்தருக்கு இருக்கவே கூடாது என்று. நீங்கள் அதற்கு நம்பர் கொடுக்கச் சொன்னீர்கள். ஆனால் சாருக்கு அது பிடிக்கவில்லை. "நம்மகிட்ட வர்றவங்க என்ன கைதிங்களாம்மா, நம்பர் போட்டுக் கூப்பிட?" என்றார். சரி, இனிஷியலோடு பெயரையே வைத்துவிடலாம் என்று வைத்தேன். இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டேன். ஸ்ரீரங்கம் அக்கா இது! பெருமாள் பேர் வைக்காத வீடு இருக்கிறதா? முதலில் ஓர் ஆர். ரங்கநாதன் வந்தார், சேர்த்தேன். மத்தியானம் இன்னொரு ஆர். ரங்கநாதன் வந்தார். ஏற்கெனவே இருக்கிறார், சேர்க்க மாட்டேன் என்று கம்ப்யூட்டர் அடம் பிடித்தது.

நான் விடுவேனா? முதலாமவர் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தேன். இரண்டாமவருக்கு இரண்டு புள்ளி. உடனே வாங்கிக்கொண்டது! இப்போது ஏழு புள்ளி ரங்கநாதன் வரை வந்துவிட்டோம். சார் பார்த்துவிட்டு, "மூளைக்காரிம்மா நீ" என்றார். எல்லாப் புகழும் உங்களுக்கே.

கடைசியாக ஒரு கவலை. ஒருவர் மறுபடி டெஸ்ட்டுக்கு வந்தால் பழைய ரிசல்ட்டை அழித்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டியிருக்கிறது. ஆளுக்கு ஒரு டேபிள், டெஸ்ட்டுக்கு ஒரு டேபிள் என்று பிரித்து இரண்டையும் சேர்க்கிற வித்தையைப் பதினைந்தாம் பாடத்தில் சொல்கிறேன் என்றீர்கள். ஆனால் பதினான்காவது பாடம் முடிகிற இடத்தில் ஒரு குழந்தை அழுதது. "ஒரு நிமிஷம்" என்றீர்கள். அதோடு வீடியோ நின்றுவிட்டது. எட்டு மாதமாக உங்களிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. நல்லா இருக்கிறீர்கள்தானே அக்கா?

உங்கள் நலம் வேண்டும்,
சம்ரீன்


பாலக்கரை
ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பதில் வந்த அன்று லேபில் நான் குதித்த குதியில் தைரியராஜ் அண்ணன் பயந்துவிட்டார். "என்ன தங்கச்சி, லாட்டரியா?" என்றார். "அதுக்கும் மேலண்ணே, எங்க அக்கா எழுதியிருக்காங்க" என்றேன். நாலு வரிதான் எழுதியிருந்தீர்கள். தோஹாவில் இருப்பதை எழுதியிருந்தீர்கள். குழந்தை தூங்கும்போது பதிவு செய்ததால் கிசுகிசுத்ததையும், "நாற்பது பேர்கூடப் பார்க்கவில்லை, அதிலும் பாதி நானே சரிபார்க்கப் பார்த்தது, அதனால் லேப்டாப்பை எடுத்து மேலே வைத்துவிட்டேன்" என்பதையும் எழுதியிருந்தீர்கள். அதற்கெல்லாம் முன்னால் முதல் வரியிலேயே, "சம்ரீன், அந்தப் புள்ளிகளை இன்றைக்கே எடுத்துவிடு. ஆளுக்கு ஒரு நம்பர் கொடு. நாளைக்கு என்று வைக்காதே" என்று இருந்தது.

அந்த மெயில் வந்தது ஜூலை 9. நான் நாளைக்கு என்றுதான் வைத்தேன் அக்கா.

அறுநூற்று நாற்பது பேர் இருந்தார்கள், அது ஒரு காரணம். உண்மையான காரணம் அதில்லை. மூளைக்காரி என்று ஒருமுறை பேர் வாங்கிவிட்டேன், அதைக் கலைக்க மனசு வரவில்லை. அக்கா சும்மா பயமுறுத்துகிறார், நன்றாகத்தானே ஓடுகிறது என்று நினைத்தேன்.

நேற்று காலை பத்தரை மணிக்கு சார் மெஷினிலிருந்து ஒரு ரிசல்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டு எழுந்தே விட்டார். பொட்டாசியம் 6.9. நாலு, நாலரை என்று இருக்க வேண்டியது அக்கா. இவ்வளவு ஏறினால் நல்லா நடந்துகொண்டிருப்பவருக்கே இதயம் சட்டென்று நின்றுபோகலாமாம். டியூப்பில் ஆர். ரங்கநாதன் என்று இருந்தது. "உடனே போன் போடு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு" என்றார். நான் தேடினேன். முதலில் வந்தவர் ஒரு புள்ளி ரங்கநாதன், அடையவளஞ்சான் வீதி. போட்டேன். அவர் வீடே அலறிக்கொண்டு ஆட்டோவில் ஏறியது.

முக்கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். இ.சி.ஜி. சுத்தமாக இருக்கிறது, திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தோம், 4.1தான், உங்க மெஷினைக் கவனிங்க என்றார்கள். சார் அதே டியூப்பை மறுபடி மெஷினில் வைத்தார். மறுபடியும் 6.9. மெஷின் சரியாகத்தான் இருந்தது. சார் அந்த டியூப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அப்போ இது யாரோட ரத்தம்மா?"

நான் ஸ்டாண்டைப் பார்த்தேன் அக்கா. அதில் இன்னொரு டியூப்பும் ஆர். ரங்கநாதன் என்றே இருந்தது. ஸ்டிக்கர் குட்டியூண்டு. பெயர் முழுசாக விழுந்திருந்தது. கடைசியில் இருக்கிற புள்ளிகள் எதிலுமே விழவில்லை. எழுத்து முடிந்த இடத்திலேயே ஸ்டிக்கரும் முடிந்துவிட்டது.

"நோட்டை எடு" என்றார் சார். நோட்டு ஏது? நான்தானே நிறுத்தினேன்.

அப்போது உங்கள் குரல் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், காதுக்குள் கேட்டது. பதினோராம் பாடம். "எல்லாத்தையும் பாக்காதீங்க. உங்களுக்கு என்ன வேணுமோ அதை மட்டும் கேளுங்க." குவெரியைத் திறந்தேன். ரங்கநாதன் என்று வருகிற பெயர், இன்றைய தேதி. நாலு பேர் வந்தார்கள். அடுத்த கட்டத்தில் பொட்டாசியம் டெஸ்ட் என்று போட்டேன். இரண்டே பேர். ஒருவர் ஒரு புள்ளி, அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அவருக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் மற்றவர்தான். இரண்டு புள்ளி, வடக்கு உத்திர வீதி. இதற்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

போனை அவர் மருமகள் எடுத்தார். "மாமாவா? முசிறியில ஒரு கிரகப்பிரவேசம்னு இப்பதான் கெளம்பினார். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பார். செல்லை ஆத்துலயே வெச்சுட்டுப் போயிட்டாரே" என்றார்.

தைரியராஜ் அண்ணன் அந்த நேரம் சிந்தாமணியில் ஒரு வீட்டில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே. அண்ணனிடம் நான் அழுதுகொண்டே சொன்னதில் அவருக்குப் பாதிதான் புரிந்தது. "அழுவாம ஆள் அடையாளம் சொல்லு" என்றார். எனக்கு என்ன தெரியும்? "காலையில நீங்கதானண்ணே எடுத்தீங்க, கையில பிளாஸ்திரி இருக்கும்" என்றேன். வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டது.

முசிறி பஸ்ஸில், ஜன்னலோரமாக, கையில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தாராம். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். ரங்கநாதன் மாமா மடியில் அரை சீப்புப் பூவன். ஒன்று உரித்து வாய்ப் பக்கத்தில் இருந்ததாம். பொட்டாசியம் ஏறினவர் வாழைப்பழத்தைத் தொடவே கூடாது அக்கா. அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் பழத்தைப் பிடுங்கியிருக்கிறார்.

"ஏன்டாப்பா, வேணும்னா கேட்டா குடுக்க மாட்டேனா? பிடுங்கறயே!" என்றாராம் மாமா.

"எறங்குங்க சாமி, எல்லாம் அப்பறம் சொல்றேன்" என்று அண்ணன் அவரைக் கையைப் பிடித்து இறக்கி, வண்டியில் வைத்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். வழியிலேயே மாமாவுக்குக் கால் துவண்டுவிட்டதாம். முசிறிக்குப் போகிற வழியில் அது நடந்திருந்தால்?

ஐ.சி.யு.வில் இருக்கிறார். இன்றைக்கு 5.8க்கு இறங்கியிருக்கிறது என்று மருமகள் சொன்னார். சார் ஸ்டிக்கர் பிரிண்டரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார். "இந்தச் சனியனை மாத்தணும்மா" என்கிறார். ஒன்பது நாளைக்கு முன்னாலேயே நீங்கள் எச்சரித்தது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் கம்ப்யூட்டரையே மூடிவிடுவார், என்னையும் அனுப்பிவிடுவார் என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். ஆனால் அந்த பிரிண்டர் திட்டு வாங்குவதைப் பார்க்கப் பார்க்க என்னால் முடியவில்லை.

அவருக்காக துஆ செய்யுங்கள் அக்கா. உங்கள் சாமியிடமும் சொல்லுங்கள். நாளைக்குச் சொல்லிவிடுவேன். இந்த நாளைக்கு நிஜமான நாளைக்கு.

சம்ரீன்


பாலக்கரை
ஆகஸ்ட் 3

என் பிரியமான இளவேனில் அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. மாமா வீட்டுக்கு வந்துவிட்டார்! நாலாம் நாளே டிஸ்சார்ஜ். அவர் சாப்பிட்ட ஒரு பி.பி. மாத்திரையும், கூடவே தினம் இரண்டு இளநீரும் சேர்ந்து செய்த வேலையாம். அல்ஹம்துலில்லாஹ்.

சாரிடம் சொல்லிவிட்டேன். 19ஆம் தேதி காலையில், அவர் விளக்கேற்றி முடித்த கையோடு, உங்கள் மெயிலைப் போனில் திறந்து நீட்டினேன். தேதியையும் காட்டினேன். "தப்பு பிரிண்டர்து இல்ல சார், என்னோடது" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். நோட்டுக்கே போயிடலாம்மா என்றார். வேலையை விட்டுப் போ என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

நான் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். "நோட்டுல இருந்திருந்தா அவரைத் தேட அரைமணி ஆயிருக்கும் சார், பஸ் போயிருக்கும்" என்றேன். அதற்கு சார், "நோட்டுல இருந்திருந்தா புள்ளி இருந்திருக்காதேம்மா" என்றார். அதுவும் சரிதானே? அப்புறம் அவரே, "சரி, ஒரு ஞாயித்துக்கிழமை. நானும் வர்றேன். நீ நம்பரைச் சொல்லு, நான் ஆளைச் சொல்றேன்" என்றார்.

அப்படித்தான் செய்தோம். நீங்கள் சொன்னபடி ஆளுக்கு ஒரு நம்பர், கம்ப்யூட்டரே கொடுக்கிற நம்பர். ஒரே பெயர்களை ஒன்றாகத் திரட்டுகிற குவெரியைப் பன்னிரண்டாம் பாடத்தில் பார்த்துப் போட்டேன். ரங்கநாதன் மட்டுமா, ரங்கராஜன் ஒன்பது, ரங்கநாயகி பதினாலு! சாருக்கு ஒவ்வொருவரும் தெரிந்திருக்கிறது. "இவர் காது கேக்காதவர், இவர் தயிர்க்கடை, இந்தம்மா ஊசியப் பாத்தாலே மயங்கிரும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முகவரியும் வயதும் பார்த்துப் பிரித்தோம். அறுநூற்று அறுபத்து மூன்று பேர். ஒரு புள்ளிகூட இல்லை. இப்போது ஸ்டிக்கரில் நம்பர்தான் முதலில் விழும், பெயர் அதற்குப் பிறகு. ரத்தம் எடுக்கும்போது தைரியராஜ் அண்ணன் நம்பரையும் பெயரையும் அவரிடமே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு புள்ளி ரங்கநாதன் வந்து ஒரு சண்டை போட்டார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். சும்மா இருந்தவரை ஆஸ்பத்திரிக்கு ஓட வைத்தோமே, கோபம் இருக்காதா? சார் கையைக் கூப்பி எல்லாவற்றையும் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், "அதெல்லாம் இருக்கட்டும். நான்தான் ஒங்க லேபுக்கு மொதல்ல வந்தவன். எனக்கு ஒரு புள்ளி, அவருக்கு ரெண்டா?" என்றார்! தைரியராஜ் அண்ணன் டியூப்பைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெயரைத்தான் முதலில் ஏற்றப் போகிறோம், ஒன்றாம் நம்பர் உங்களுக்குத்தான் என்றோம். சாந்தமாகப் போய்விட்டார்.

நேற்று இரண்டு புள்ளி மாமா வந்தார். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. நான் எழுந்து நின்றுவிட்டேன். என்னால்தான் இவருக்கு இவ்வளவும் என்று தலையே நிமிரவில்லை. மன்னிச்சிருங்க மாமா என்றேன். அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, "கொழந்தே, கலைச்சவளும் நீ, கண்டுபிடிச்சவளும் நீ. ரெண்டும் சரியாப் போச்சு. ஆனா அந்தப் பழத்தைப் பிடுங்கினானே, அவனைக் கூப்பிடு, அவனுக்கும் எனக்கும்தான் கணக்கு பாக்கி" என்றார். அண்ணன் உள்ளே ஒளிந்துகொண்டார்.

அப்புறம் என்னிடம், இந்தத் தேடற வித்தையை எங்கே கத்துண்டே என்று கேட்டார். உங்களைச் சொன்னேன். தோஹாவில் ஓர் அக்கா, குழந்தை தூங்கும்போது கிசுகிசுவென்று சொல்லிக்கொடுப்பார் என்றேன். உடனே அவர், "அந்தப் பொண்ணு பேர்ல பெருமாளுக்கு அர்ச்சனை பண்ணணும். நட்சத்திரம் என்னன்னு கேட்டு எழுது. கொழந்தையோட நட்சத்திரத்தையும் கேளு. சேர்த்தே பண்ணிடறேன்" என்றார். ஆகவே அக்கா, இந்தக் கடிதத்துக்கு நீங்கள் கட்டாயம் பதில் எழுத வேண்டும். இது நான் கேட்பதல்ல, மாமா கேட்பது.

நான் கேட்பது வேறு. மாமாவை வாரம் ஒருமுறை பொட்டாசியம் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். போன வாரம் எவ்வளவு, இந்த வாரம் எவ்வளவு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துத்தான் மாத்திரை மாற்ற வேண்டுமாம். ஆனால் என் டேபிளில் இந்த வார ரிசல்ட்டைப் போட்டால் போன வாரம் அழிந்துவிடுகிறது. இப்போதைக்கு அவருடையதை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இப்படி இன்னும் எத்தனை பேருக்குக் காகிதம் வைப்பேன்? வேறு சேனலில் இரண்டு டேபிளைச் சேர்ப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டேன். கத்துகிறார்கள் அக்கா. எனக்கு ஏறவில்லை.

நாற்பது பேர்கூடப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பாதி நீங்களே என்றீர்கள். மீதிப் பாதி யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான்! நாலாம் பாடத்தை மட்டும் பஸ்ஸில் ஏழு தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தது ஓர் ஆள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஓர் ஆளுக்குப் பின்னால் அறுநூற்று அறுபத்து மூன்று பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் உயிரோடு வந்து உட்கார்ந்து உங்கள் நட்சத்திரம் கேட்கிறார். இதை உங்கள் வீட்டில் யாராவது இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் வாசித்துக் காட்டுங்கள். லேப்டாப் மேலே என்றால் அலமாரிக்கு மேலா? ஸ்டூல் போட்டால் எட்டும்தானே?

குழந்தை இப்போது நடக்கும் வயது வந்திருக்கும். தூங்கவில்லை என்றால் பரவாயில்லை அக்கா, அழட்டும், குக்கர் விசில் அடிக்கட்டும், எனக்கு எதுவும் இடைஞ்சல் இல்லை. ஒரு வீடியோ ஐந்து நிமிஷம் இருந்தால் போதும். துண்டு துண்டாகப் போட்டாலும் நான் சேர்த்துப் பார்த்துக்கொள்வேன்.

உங்களுக்கும், உங்கள் பிள்ளைக்கும், உங்கள் வீட்டிலுள்ள எல்லோருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் நிம்மதியான தூக்கமும் தரட்டும். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் இன்னும் ஹெட்போனைக் கழற்றவில்லை.

நன்றியும் துஆவும்,
உங்கள் சம்ரீன்